பேனா நின்ற இடம்

அத்தியாயம் 11

புலி ஒன்று தன் குட்டிகளுக்குக் குகை வாயிலில் வைத்துத் தினமும் பாடம் சொல்லிக்கொடுத்தது. மானின் காலடி எப்படிக் கேட்கும், பன்றியின் மூச்சு எப்படிக் கேட்கும், வேடன் வரும் நாளில் காற்று என்ன மணம் மணக்கும் என்றெல்லாம் உரத்த குரலில் விளக்கும். குகைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்த முயலுக்கு இது பெருந்தொல்லை. "இங்கே ஒரு கண் அயர வழியுண்டா?" என்று முணுமுணுத்தபடி, புல்லைச் சுருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு படுத்துவிடும்.

ஒரு நாள் காட்டுக்குள் மெய்யாகவே வேடன் வந்தான். குட்டிகள் விளையாட்டில் இருந்தன. முதலில் தலையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்து ஓடத் தொடங்கியது முயல்தான். பாதி வழி ஓடிய பிறகே அதற்கு வியப்பு வந்தது: 'இதை எனக்கு யார் சொல்லித் தந்தது?'

அந்த முயல் ஓடிக்கொண்டிருக்கட்டும். நாம் கொழும்பிலே கொட்டாஞ்சேனைக்குப் போவோம்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பேதுருவின் வீட்டை வாசகர் அறிவர். அவர், மனைவி பிறிஜெற், குழந்தைப் பருவத்துக் காய்ச்சலில் இரு கண் பார்வையையும் இழந்த மகன் றேமண்ட், அவனுக்கு இளையவள் டோரின் என்று நால்வருக்கு இரண்டே அறைகள். அந்த இரண்டு அறைகளையும் ஆள்வது ஒரு கசெற் றெக்கோடர்.

றேமண்ட் சட்டம் படிக்கிறான், முதலாம் வருடம். அவனுடைய பல்கலைக்கழகத்தில், நூலகப் படிக்கட்டின் கீழே, மாணவர் உதவி நிலையம் என்று ஓர் அறை உண்டு. விடுதி கிடைக்காத பிள்ளை, ஊரிலிருந்து கடிதம் வராமல் சோறு இறங்காத பிள்ளை, ஆங்கிலத்தைக் கண்டு நடுங்கும் பிள்ளை, சோதனைச் சாவடியில் பிடிபட்ட பிள்ளை ஆகிய எல்லோரும் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான். கதவுக்குப் பின்னால் இருப்பவர் விரிவுரையாளர் நேசமலர். தம் தொலைபேசி இலக்கத்தைத் துண்டுத் தாளில் எழுதித் தமிழ்ப் பிள்ளைகளின் அடையாள அட்டை உறைக்குள் தம் கையாலேயே செருகிவிடுபவர்.

றேமண்டுக்குப் புத்தகங்களை வாசித்துக் கசெற்றில் பதிந்து கொடுக்க ஆள் தேடித் தந்தவர் அவர். பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை அனுமதிக்கும்படி பீடத்தோடு வாதாடியவரும் அவரே. அங்கே அது முதல் தடவை. "வீட்டாக்கள் எழுதிக் கொடுத்து இவன் சித்தியடையப் போகிறான்" என்று சிலர் சிரித்தார்கள். "அப்படி ஒன்று நடந்தால் இந்த ஏற்பாட்டை நானே நிறுத்திவிடுகிறேன்" என்று நேசமலர் எழுந்து நின்று சொன்னார். சிரிப்பு அடங்கியது.

கசெற்றில் வாசிப்பவள் வெள்ளவத்தை அருந்ததி. றேமண்டின் வகுப்புத் தோழி. அவள் வீட்டின் பின்புறம் றெயில் பாதை, அதற்கப்பால் கடல். ஒப்பந்தச் சட்டத்தை மணி அடித்தாற்போல வாசித்துக்கொண்டு போவாள்; இடையிலே, "றெயின் போகுது, கொஞ்சம் பொறுங்கோ றேமண்ட்" என்பாள். தடதடவென்று றெயின் போகும். சட்டம் தொடரும். கொட்டாஞ்சேனை வீட்டில் இப்போது எவரையும் காத்திருக்கச் சொல்வது இந்த வசனத்தால்தான். பசிக்கிறது என்று பேதுரு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால், பிறிஜெற் சட்டியைக் கிளறியபடியே, "றெயின் போகுது, கொஞ்சம் பொறுங்கோ" என்பாள்.

டோரினுக்கு மட்டும் அந்தக் குரல் ஆகாது. உயர்தரப் பரீட்சை ஒரு தரம் எழுதிவிட்டு, இனிப் புத்தகமே வேண்டாம் என்று பிரதான வீதிப் புடவைக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். கசெற் சுழலத் தொடங்கியதும் தலையணையைக் காதோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

ஆயினும் சென்ற வாரம் அவளுடைய கடையில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடிக்குள் தொங்கிய சேலையில் பழைய விலைச் சீட்டு இருந்தது. அந்த விலைக்கே தந்தாக வேண்டும் என்று ஒரு பெண்மணி பிடிவாதமாக நின்றார். டோரின் நிதானமாகச் சொன்னாள்: "அன்ரி, கண்ணாடிக்குள்ள வைச்சது உங்களை உள்ள கூப்பிடத்தான். விக்கிறம் எண்டு நாங்கள் இன்னும் சொல்லேல்ல. நீங்கள் கேக்கோணும், நாங்கள் ஓம் எண்டோணும். பிறகுதான் வியாபாரம்." பெண்மணி வாயடைத்துப் போனார். கடை முதலாளியும் வாயடைத்துப் போனார்.

இன்று பரீட்சை.

றேமண்ட் விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, மடித்த பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். ஹெந்தளையிலிருந்து பேர்னாட் வரவேண்டும். அவன்தான் எழுதப் போகிறவன். தொழினுட்பக் கல்லூரியில் மோட்டர் பழுதுபார்க்கப் படிப்பவன். சட்டத்தில் ஓர் எழுத்தும் அறியாதவன். அதற்காகவே தெரிவு செய்யப்பட்டவன். எழுதுபவருக்கு நல்ல கையெழுத்து இருக்க வேண்டும், பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பதே விதி.

பேர்னாட் வரவில்லை. சந்தியில் தொலைபேசி வைத்துக் கடை நடத்தும் முத்துலிங்கம் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடி வந்த வேகத்தில் வாசற்படியில் இடறினார்.

"பேர்னாட்டின்ர தாய் கோல் எடுத்தவ. ஹெந்தளையை ஆமியும் பொலிசும் சுத்தி வளைச்சுப் போட்டாங்களாம். ஆம்பிளையள் எல்லாரையும் மைதானத்தில இருத்தி வைச்சிருக்காம். எப்ப விடுவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"அவனுக்கு ஒண்டும் இல்லைத்தானே அங்கிள்?" என்று கேட்டான் றேமண்ட்.

"ஐடென்ரிக்காட் கையில இருக்குதாம். அந்த மனிசி மகனுக்கு அழேல்ல. உன்ர சோதனைக்குத்தான் அழுகுது."

பிறிஜெற் சுவரோடு சாய்ந்தாள். "இண்டைக்கு எழுதாட்டி என்ன நடக்கும்?"

"முதலாம் வருஷத்தைத் திருப்பிப் படிக்க வேணும், மம்மி" என்றான் மகன். "அதுவும் விடுவினமோ தெரியாது. எழுத ஆள் வைக்கிறது சரிவராது எண்டு சொன்னவைக்கு இது நல்ல சாட்டு."

பேதுரு சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு எழுந்தார்.

"நான் எழுதுறன்."

"நீங்களோ?" என்றாள் பிறிஜெற்.

"ஏன், என்ர எழுத்துக்கு என்ன குறை? ஹாபர்ல கப்டன்மார் என்ர எழுத்தைப் பாத்துக் கை குடுத்தவை."

"கதையை முடிச்சுப்போட்டு இறங்கிப் போகட்டும் எண்டு கை குடுத்திருப்பினம்" என்ற பிறிஜெற், மகள் பக்கம் திரும்பினாள். "டோரின், நீயும் போ. இந்த மனிசன் வழியில காணுறவையோட எல்லாம் கதைச்சுக்கொண்டு நிக்கும். அண்ணாவின்ர கையை நீ பிடி. நான் முத்துலிங்கத்தாற்ற கடையில இருந்து அந்த மிஸ்ஸுக்குக் கோல் எடுத்துச் சொல்லிப்போட்டு லூசியா கோயிலுக்குப் போறன்."

"எனக்குக் கடை இருக்கு மம்மி. முதலாளி பேசுவார்."

"றெயின் போகுது, கொஞ்சம் பொறுங்கோ எண்டு அவருக்குச் சொல்லு" என்றான் றேமண்ட். அந்த நெருக்கடியிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அது வந்ததனால் கால்களும் வாசலைத் தாண்டின.

பௌஸியின் ஓட்டோ ஒழுங்கை முனையில் நின்றது. விசயத்தைக் கேட்டதும் அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே ஊற்றினார்.

"ஏறுங்க, ஏறுங்க. பொறகு கதைக்கலாம். கோட்டப் பக்கம் ரோட்டெல்லாம் பூட்டி. மருதானையால உட்டுப் பாப்பம்."

"ஒன்பது மணிக்குச் சோதனை, பௌஸி நானா" என்றாள் டோரின்.

"எனக்கிட்டச் செல்லாத தங்கச்சி. முன்னுக்கு நிக்கிற பஸ்ஸுக்குச் செல்லு."

ஓட்டோ பறந்தது. சந்துக்குச் சந்து பௌஸி ஹோர்னை அழுத்தினார். ஆமர் வீதியில் மரக்கறி வண்டி ஒன்று தானாகவே ஒதுங்கியது. பேதுரு பின்னாலிருந்து, ஒப்பந்தம் என்பது யாது என்று பௌஸிக்கு விளக்கத் தொடங்கியிருந்தார்.

மருதானையில் சாவடி. மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்த இளம் சிப்பாய், எல்லோரையும் இறங்கச் சொன்னான். அடையாள அட்டைகள் கை மாறின. பௌஸி சிங்களத்திலே பரீட்சை என்றார், பல்கலைக்கழகம் என்றார், கண் தெரியாத பிள்ளை என்றார். சிப்பாய் றேமண்டின் பையைத் திறந்தான். உள்ளே நிறையக் கசெற்றுகள். அவனுடைய முகம் மாறியது.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டான்.

பாடம் என்று டோரின் சிங்களத்தில் சொன்னாள். அவன் நம்பவில்லை. றெக்கோடரை எடுத்து, அதனுள் இருந்த கசெற்றை ஓடவிட்டான்.

சாவடி நடுவிலே, துப்பாக்கிகளுக்கு மத்தியில், ஒரு பெண்குரல் தமிழில் முழங்கிற்று: "இரு தரப்பினரும் ஒரே எண்ணத்துடன் உடன்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறின்றேல்…"

சிப்பாய் மற்றொருவனைக் கூப்பிட்டான். இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரரை அழைத்துவர ஆள் போனது. பேதுருவின் நெற்றியில் வியர்வை. பௌஸி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனின் விரல்கள் தன் மணிக்கட்டை இறுக்குவதை டோரின் உணர்ந்தாள்.

பொலிஸ்காரர் வந்து சேர்ந்த வேளையில், முழங்கிக்கொண்டிருந்த குரல் சட்டென்று குழைந்தது.

"றெயின் போகுது, கொஞ்சம் பொறுங்கோ றேமண்ட்."

தடதடவென்று றெயின் போனது. பொலிஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையோடு நின்ற இளைஞனைப் பார்த்தார். அவருடைய மீசை அசைந்தது. சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் வாய்விட்டுச் சிரித்து, கசெற்றுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தான்.

"என்ன சொன்னவர்?" என்று ஓட்டோ கிளம்பியதும் றேமண்ட் கேட்டான்.

"வெடிகுண்டு இல்லையாம். இது வேற வருத்தமாம், மருந்தில்லாததாம்" என்றாள் தங்கை.

றேமண்டின் காதுகள் சிவந்தன. பௌஸி நகர மண்டபச் சந்தி வரையில் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

நேசமலர் வாசலிலேயே காத்து நின்றார். பிறிஜெற்றின் அழைப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. பேர்னாட்டுக்காக அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தோடு ஏற்கெனவே பேசிவிட்டார். இன்னும் பேசப் போகிறார். மண்டபத்து மணி அடிக்கச் சிறிது நேரமே இருந்தது.

"வாங்கோ ஐயா. நீங்கள் எழுதுறதாக உங்கட மனுசி சொன்னவ. வீட்டாக்களை விடுறதில்லை. ஆனா இண்டைக்கு வேற வழியில்லை. என்ர பொறுப்பில விடுறன். பலீல் சேர் மேற்பார்வையாளராகப் பக்கத்திலேயே இருப்பார். ஒண்டே ஒண்டு கேக்க வேணும். இந்தப் பாடம் உங்களுக்குத் தெரியுமோ?"

பேதுருவின் வாழ்நாளில் அவரிடம் எவரும் இப்படி ஒரு வினாவைக் கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறியள்? மகன் படிக்கேக்கை நானும் கூட இருந்து படிச்சனான். ஒருத்தன் 'இந்த விலைக்குத் தாறன்' எண்டு வாக்குக் குடுத்தா அது முனைவு. மற்றவன் 'ஓம், எடுக்கிறன்' எண்டா அது ஏற்பு. முனைவும் ஏற்பும் சேந்தாத்தான் ஒப்பந்தம். பிறகு கைமாறு எண்டு ஒண்டு இருக்கு…"

"டடா" என்றான் றேமண்ட், தாழ்ந்த குரலில்.

"பொறு மகன், முடிக்கிறன். பிழையா ஏதும் சொன்னனானோ மிஸ்?"

"ஒரு பிழையும் இல்லை ஐயா" என்றார் நேசமலர் மிகுந்த துயரத்தோடு. "அதாலதான் நீங்கள் எழுத ஏலாது."

பேதுருவுக்கு விதி தெரியும். விதியைப் பலருக்கும் விளக்கியும் இருக்கிறார். மகனின் பாடத்தைச் சொல்லிக்காட்டும் ஆசை வந்த இடத்தில் அது எங்கோ மறைந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாதவர் போலப் பார்த்தார்.

அப்போதுதான் மண்டபத்துக்கு ஓடிக்கொண்டிருந்த அருந்ததி இவர்களைக் கண்டு நின்றாள். "பேர்னாட் எங்க?" என்றாள். ஒருவரும் பதில் சொல்லாமலே அவளுக்கு விளங்கிற்று. "நான் எழுதாமல் விட்டு இவருக்கு…" என்று தொடங்கினாள்.

"விசர்க்கதை கதையாமல் மண்டபத்துக்குப் போம்" என்றார் நேசமலர். "உமக்கும் சோதனை. அதோட, உமக்கு இந்த ஐயாவை விடப் பாடம் தெரியும்."

எல்லோருடைய பார்வையும், பார்வையில்லாத ஒருவனுடைய முகமும், ஒரே பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பாக்கிறியள்?" என்றாள் டோரின்.

"தங்கச்சி, உமக்கு இந்தப் பாடம் தெரியுமோ?" என்று கேட்டார் நேசமலர்.

"எனக்கோ?" டோரினுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "எனக்கு அது எட்டிக்காய், மிஸ். கசெற் போட்டா நான் காதைப் பொத்திக்கொண்டு படுக்கிறனான். வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

"அது உண்மை மிஸ்" என்று பேதுரு ஆவலோடு சாட்சி சொன்னார். "இவளுக்கு ஒண்டுமே தெரியாது. பேர்னாட்டிலும் பாக்க ஒண்டும் தெரியாது."

பெற்ற மகளைப் பற்றி ஒரு தந்தை இவ்வளவு மகிழ்ச்சியோடு இப்படிச் சொன்னது அந்த வாசலில் அதுவே முதல் முறையாக இருக்கும். பேனா அவருடைய கையிலிருந்து டோரினின் கைக்கு மாறியது. மணி அடித்தது.

மேல்மாடியில் ஒரு சிறிய அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். பலீல் ஆசிரியர் குடையைக் கதவில் மாட்டிவிட்டு, விதியை மீண்டும் ஒருமுறை சொன்னார்: கேள்வியை உள்ளபடி வாசிக்கலாம், சொன்னதை எழுதலாம், கேட்டால் மட்டும் எழுதியதைத் திருப்பி வாசிக்கலாம். வேறு பேச்சில்லை.

டோரின் வாசித்தாள். றேமண்ட் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டான். பிறகு பேசத் தொடங்கினான்.

அவளுக்கு அது புதுமையாக இருந்தது. வீட்டில் தட்டு எங்கே, சீப்பு எங்கே என்று தேடும் அண்ணன் இவனல்லன். வசனங்கள் படிக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. அவள் எழுத எழுத, தாள் பக்கம் பக்கமாக நிறைந்தது. கை வலித்தது, நிறுத்த மனமில்லை. முதல் வினா முடிந்தது. இரண்டாவது முடிந்தது. பலீல் ஆசிரியர் கூட நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்பது போல் இருந்தது.

அடுத்த வினாவை வாசித்தாள். கடைக்காரர் ஒருவர் தம் கடைக் கண்ணாடிக்குள் ஒரு மேசை விளக்கை விலைச் சீட்டுடன் வைத்திருக்கிறார். ஒருவர் வந்து அந்த விலைக்கே அதைக் கேட்கிறார். கடைக்காரர் மறுக்கிறார். சட்டம் யார் பக்கம்?

"எழுது" என்றான் றேமண்ட். "முதலில் முனைவு என்பதன் பொருளை நோக்குவோம்…"

வெளியே படாரென்று ஓர் ஓசை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அந்நாட்களில் கொழும்பில் அப்படியோர் ஓசைக்கு ஒரே பொருள்தான். கீழே மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பலீல் ஆசிரியர் எழுந்துவிட்டார். றேமண்டின் கை மேசையின் விளிம்பைப் பற்றியது. எல்லோரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள், அடுத்தது வரவில்லை. ஆசிரியர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"லொறி ஒண்டிட ரயர் வெடிச்சிருக்கு. எழுதுங்க, எழுதுங்க."

"எங்க விட்டனான்?" றேமண்டின் குரல் காய்ந்திருந்தது. டோரின் கடைசி வசனத்தை வாசித்தாள். அவன் தொண்டையைச் செருமினான். அறுந்த நூலை அவசரமாக எட்டிப் பிடித்தான்.

"கடைக் கண்ணாடிக்குள் விலை குறித்து வைக்கப்பட்ட பொருள் ஒரு முனைவாகும்."

பேனா நின்றது.

அவள் நிறுத்தவில்லை, அது நின்றது. சேலைக்குக் கீழே நின்ற பெண்மணியின் முகம் அவள் கண் முன்னே வந்தது. 'கண்ணாடிக்குள்ள வைச்சது உங்களை உள்ள கூப்பிடத்தான்.' அது அவளுடைய குரல்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு குரல் ஓடியது. மணி போன்ற குரல். அதற்கும் அடியில் ஒரு றெயினின் இரைச்சல். இதை எனக்கு யார் சொல்லித் தந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்துவிட்டது. தலையணை அவ்வளவு தடிப்பமாக இருந்திருக்கவில்லை.

அண்ணன் சொன்னது பிழை. நேர் எதிர்மாறான பிழை.

ஓர் இருமல் போதும். மேசைக்கு அடியில் காலால் ஒரு தட்டுப் போதும். பலீல் ஆசிரியர் இன்னும் ஜன்னலோரமாகவே நின்றார். டோரின் உதட்டைக் கடித்துக்கொண்டு, 'முனைவாகும்' என்று எழுதி முடித்தாள்.

றேமண்டின் முகம் அவள் கையின் பக்கம் திரும்பியிருந்தது. ஏதோ ஒன்றைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பவன் போல நெடுநேரம் இருந்தான்.

"எழுது" என்றான் பிறகு. "ஆகவே கடைக்காரர் அவ்விலைக்கே விற்கக் கட்டுப்பட்டவர்."

இந்த முறை பேனா நிற்கவில்லை.

கீழே வாகை மரத்தடியில் பேதுரு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். இவர்கள் படியிறங்குவதைக் கண்டதும் ஓடி வந்தார்.

"மகன், பேர்னாட்டை விட்டிட்டினம். மிஸ் விடாமல் பொலிசுக்குக் கோல் எடுத்துக்கொண்டே இருந்தவ. பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறானாம். மம்மிக்கும் சொல்லியாச்சு. மூண்டு மெழுகுதிரி கொளுத்தினவவாம். எப்பிடி எழுதினனீ?"

அருந்ததியும் மண்டபத்திலிருந்து வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அந்தக் கடைக் கண்ணாடிக் கேள்வி வந்ததே, பாத்தீங்களோ? ஒரு கசெற் முழுக்க அதுதானே வாசிச்சனான். உங்களுக்கு அது தண்ணிபட்ட பாடு."

"ஓம்" என்றான் றேமண்ட். தங்கையின் முழங்கையைத் தேடிப் பிடித்தான். "றெயின் போகுது, கொஞ்சம் பொறுங்கோ அருந்ததி."

அவளுக்கு அந்த வசனம் தன்னிடமே திரும்பி வந்த வியப்பு. சிவந்த முகத்தோடு நின்றுவிட்டாள். அண்ணனும் தங்கையும் நூலகச் சுவரோரமாக நடந்தார்கள்.

"பேனா நிண்டது" என்றான்.

டோரின் நடையை எட்டிப் போட்டாள்.

"நீ எழுதேக்கை உன்ர பேனா கரகரவெண்டு போய்க்கொண்டே இருந்தது. லொறி ரயருக்குப் பிறகு ஒரு இடத்தில நிண்டது. ஏன்?"

"கை வலிச்சது."

"கை வலிச்சா வசனம் முடியத்தான் நிக்கும். நடுவில நிக்காது." அவன் பிரம்பால் தரையைத் தட்டினான். "அது நிண்ட உடனதான் எனக்கு விளங்கினது, நான் மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு."

அவள் சட்டென்று நின்றாள். "விளங்கினதோ? அப்ப ஏன் திருத்தேல்ல? வெட்டு எண்டா வெட்டியிருப்பனே."

"நானாக் கண்டுபிடிச்சிருந்தாத் திருத்தியிருப்பன். அது உன்ர பேனா காட்டித் தந்தது."

"ஐயோ அண்ணா, அந்தக் கேள்வி முழுக்கப் போச்சு."

"போகட்டும். மற்றது எல்லாம் என்ர." அவன் குரலில் துயரம் இல்லை, அடக்க முடியாத ஒரு துடிப்பே இருந்தது. "அதை விடு. இதைச் சொல்லு. அது பிழை எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் எண்டு எனக்கே தெரியாது. மிஸ்ஸுக்கு நான் பொய் சொல்லேல்ல. சத்தியமாத் தெரியாது எண்டுதான் நினைச்சனான்."

"வேற என்ன தெரியும் உனக்கு?"

"தெரியேல்ல. இரண்டாம் கேள்வியில நீ சொல்லச் சொல்ல, அடுத்த வசனம் என்ன வரும் எண்டு எனக்குத் தெரிஞ்சுகொண்டே வந்தது. நீ கெதியாச் சொல்லுறாய் இல்லை எண்டு கோபமும் வந்தது."

றேமண்ட் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது. நூலகப் படிக்கட்டை நோக்கி அவன் திரும்பினான்.

"எங்க போறாய்?"

"மிஸ்ஸிட்ட."

"உனக்கென்ன விசரோ?" அவள் அவன் முன்னே போய் மறித்தாள். "சொன்னா உன்ர பேப்பரை நிப்பாட்டிப் போடுவினம். அந்த மனிசி எல்லார் முன்னுக்கும் எழும்பி நிண்டு வாக்குக் குடுத்தவ. அவவின்ர பேரும் போகும். உனக்குப் பிறகு வாற பிள்ளைக்கு எழுத ஆள் கிடையாது. நீ பிழையைக் கூடத் திருத்தேல்ல. யாருக்கு என்ன நட்டம்? ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். நாளைக்கு டடா சந்தியில நிண்டு கதைப்பார்; உலகத்துக்கே தெரியும்." அவன் புன்னகை செய்தான். "வேற ஆரும் போய்ச் சொல்லேக்கை அது களவு. நாங்களாச் சொன்னா, அது என்ன எண்டு அவவே சொல்லட்டும். அந்த அறை இல்லாட்டி நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டன், டோரின். அதுக்குள்ள பொய்யோட இருக்க என்னால ஏலாது."

அவள் வழியை விட்டாள். பிறகு, வேறு செய்வதற்கு எதுவும் தோன்றாமல், அவன் கையை எடுத்துத் தன் முழங்கையில் வைத்துக்கொண்டாள். அவளேதான் கதவைத் தட்டினாள்.

உள்ளே தொலைபேசி வைக்கப்படும் ஓசை. கதவு திறந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தேநீரும் அருந்தாத நேசமலர், களைத்த முகத்தில் வெற்றியின் ஒளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் பலீல் ஆசிரியர், இன்று எழுதிய விடைத்தாளை உறையில் இட்டு ஒட்டுவதற்காக மேசையில் பசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாரும் றேமண்ட், வாரும். சேர் எல்லாம் சொன்னவர். எப்பிடி, சந்தோஷந்தானே?"

றேமண்ட் நிமிர்ந்து நின்றான். அவனுடைய குரலில் அச்சமும் இருந்தது. அந்த அச்சத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெருமையும் இருந்தது.

"மிஸ், என்ர தங்கச்சிக்குப் பாடம் தெரியும்."

பசையை எடுத்த பலீல் ஆசிரியரின் கை, உறையின் மேலே அப்படியே நின்றது.